பிறகு பேசுகிறேன்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே அத்தான், உன் மகள் சுண்டெலி, நான் மூவரும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீ வேலை பார்க்கிற அந்த வெளிநாட்டு முதியோர் இல்லத்தில் மாடிப்படி ஏறி இறங்குவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள் என்றால் கேட்கவா போகிறாய்.

ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கொடுக்கிற பத்து நிமிஷ போன் உன் மகளுக்கே சரியாகப் போய்விடுகிறது. பின்னால் நின்று "அக்கா, நல்லாருக்கியா" என்று நான் கத்துவதோடு சரி. மற்ற நாளெல்லாம் உங்கள் போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்களாமே. அதில் எனக்கு ஒரு லாபம். கடிதத்தில் நான் பேசுவதை நீ நடுவில் வெட்ட முடியாது.

செய்தி என்னவென்றால், நான் கொரிய மொழி படிக்கிறேன். சிரிக்காதே. எங்கள் ரப்பர் கம்பெனிக்குப் புதிதாக வந்திருக்கும் கொரிய மேனேஜருக்கு நம் பேச்சு ஒன்றும் தெரியாது. நடுவில் நின்று பேசுகிற மொழிபெயர்ப்பாளர் அம்மா பிரசவ விடுப்பில் போய்விட்டார். வாஷிங் மெஷின் கதவுக்குப் போடும் ரப்பர் வளையம் நெளிந்து வந்தால், பாவம், மேனேஜர் தரையில் குந்தி சாக்பீஸால் படம் வரைந்து காட்டுகிறார். இந்த நேரத்தில் கொரிய மொழி தெரிந்த ஒருவன் அங்கே இருந்தால் அவனுக்கு என்ன மரியாதை கிடைக்கும், யோசித்துப் பார்.

அத்தானின் பழைய கம்ப்யூட்டரில் ஒரு சாஃப்ட்வேரை ஏற்றியிருக்கிறேன். வாத்தியார் கிடையாது, திட்டு கிடையாது. ஒரு பெண் தண்ணீர் குடிக்கிற படம் வரும், ஒரு ஆள் ஆப்பிள் தின்கிற படம் வரும். சரியான படத்தைத் தொட்டால் மணி அடித்துத் தங்கக் கோப்பை கொடுக்கும். ஒரே தொல்லை, நடுநடுவே மைக் படம் வந்து, நீ சொல்லு என்று நிற்கிறது. முதல் நாள் உரக்கத்தான் சொன்னேன். உன் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா, மாமாவுக்கு வாந்தி வருது" என்று கத்திக்கொண்டே ஓடினாள். எதிர்வீட்டு ஜன்னல்கூடத் திறந்தது. நல்ல வேளையாக மைக்குக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது. 'பிறகு பேசுகிறேன்' என்று போட்டிருக்கும். அதை அமுக்கினால் அடுத்த படத்துக்குப் போய்விடலாம். கோப்பையும் குறையாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


பிப்ரவரி 27

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்காலுக்குக் களிம்பு தடவுகிறேன், பரவாயில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

கொரிய மொழியா? நல்லது. கம்பெனியில் உனக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. தமிழில் நீ பேசுகிற பேச்சே தாங்கவில்லை, இன்னொரு ஸ்டேஷனும் திறக்கிறாயா? சரி, சுண்டெலி சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். வெட்கப்பட்டால் ஆகுமா?

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். உங்கள் கம்பெனித் தலைமை ஃபிட்டர் ஜூனில் ஓய்வு பெறுகிறாராம். அந்த இடம் உன் அத்தானுக்குக் கிடைக்கும் என்று எல்லாரும் பேசிக்கொள்கிறார்களாம். இங்கே என் ஒப்பந்தமும் ஜூனில்தான் முடிகிறது. மறுபடி கையெழுத்துப் போட்டால் இரண்டு வருஷம். அவருக்கு அந்த வேலை கிடைத்தால் நான் கையெழுத்துப் போடாமல் பெட்டியைக் கட்டிவிடுவேன். சுண்டெலிக்கு முன்பல் விழுந்ததையே நான் போனில் காற்று போகிற சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அப்படி ஒரு தாய் நான்.

அத்தானிடம் இதைப் பற்றிப் பேசாதே. அவர் ஆசையை வெளியே காட்டிக்கொள்ளாதவர்.

எல்லாரும் நலமாக இருங்கள்.

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு வணக்கம்.

நாங்கள் சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். களிம்பை நிறுத்தாதே.

உன் தம்பி இப்போது பெரிய ஆள். போன வாரம் மேனேஜர் கொரிய மொழியில் ஒரு அறிவிப்பை எழுதி, டீ குடிக்கிற இடத்தில் ஒட்டிவிட்டுப் போனார். எல்லாரும் அதைச் சுற்றி நின்று முழித்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். "நாளையிலேர்ந்து பிரஸ் மெஷின் பக்கத்துல யாரும் வளையல், மோதிரம் போடக் கூடாதாம்" என்றேன். அத்தனை பேரும் வாயைப் பிளந்தார்கள். சந்தேகப்பட்டு மேனேஜரைக் கூட்டி வந்து வளையலைத் தொட்டுக் காட்டினால், அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார், என் தோளைத் தட்டுகிறார். அன்று வீட்டுக்கு வரும்போது அத்தான் பைக்கில் என்னை முன்னால் உட்கார்ந்து ஓட்டச் சொன்னார். அவர் பைக்கை யாரிடமாவது கொடுத்துப் பார்த்திருக்கிறாயா?

மூன்றாம் படி முடித்துவிட்டேன். கோப்பை வைக்க இடமில்லை.

உன் அறிவாளித் தம்பி


ஏப்ரல் 6

அன்புத் தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுத வேண்டியதில்லை, உன் கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

பைக் கதையை இங்கே என் அறைத்தோழியிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். பெருமையாக இருக்கிறது தம்பி. ஒரே ஒரு சந்தேகம். போன ஞாயிறு சுண்டெலி சொன்னாள், "மாமா ஊமை மாதிரி படிக்கிறாரும்மா, டிக் டிக்குனு சத்தம் மட்டும்தான் வருது" என்று. நீ அந்தச் சாம்பல் பொத்தானையே இன்னும் அமுக்கிக்கொண்டிருக்கிறாயா? படிக்கத் தெரிந்தது சரி. ஒரு நாள் அந்த ஆளிடம் வாயைத் திறந்து பேச வேண்டாமா?

கோபித்துக்கொள்ளாதே. ஊரில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அக்கா


ஏப்ரல் 24

அக்காவுக்கு,

சௌக்கியம். நீ எப்படி? அவசரமாக எழுதுகிறேன், தபால் எடுக்கிற நேரம்.

பேசுவதெல்லாம் தானாக வரும். உள்ளே இருப்பது வெளியே வராமலா போகும்? தமிழில் எனக்கு யாராவது சொல்லியா கொடுத்தார்கள்?

முக்கியமான விஷயம். மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் சூட்டைக் காட்டுகிற கருவி கெட்டுப்போய், ஒரு ஷிஃப்ட் முழுக்க வந்த வளையங்கள் கருகிவிட்டன. அத்தனையும் திரும்பி வந்துவிட்டது. நாளை மேனேஜர் விசாரணை வைத்திருக்கிறார். கருவி கெட்டிருக்கிறது, மெஷினை நிறுத்துங்கள் என்று அத்தான் முன்பே சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறார். சூப்பர்வைசர்தான் லாரி காத்திருக்கிறது, ஓட்டு என்று விரட்டியிருக்கிறார். அத்தான் மேல் தப்பில்லை. இதை மேனேஜருக்குப் புரிய வைத்தால் போதும், ஜூன் மாதம் அந்த இடம் அவருக்குத்தான்.

யார் புரிய வைக்கப் போவது? நாளை அந்த அறையில் உன் தம்பிதான் மொழிபெயர்ப்பாளர். அத்தானே மேனேஜரிடம் என்னைக் காட்டி, "இவன் எங்க வீட்டுப் பையன்" என்று சைகையிலேயே சொல்லியிருக்கிறார். நீ பெட்டியைத் தூசி தட்டி வை.

உன் தம்பி


மே 11

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் நலமா? விசாரணை என்ன ஆயிற்று? நீ எழுதுவாய் என்று தினமும் தபால் வருகிற நேரத்தில் கீழே போய் நிற்கிறேன். அதற்கென்றே படி இறங்குகிறேன், முழங்காலைத் திட்டாதே.

அத்தானிடம் கேட்டால், "முடிஞ்சுது, பாக்கலாம்" என்கிறார். அவர் பேச்சை வைத்து நான் என்ன தெரிந்துகொள்வது? நீயாவது விவரமாக எழுது. பெட்டியைத் தூசி தட்டிவிட்டேன்.

அக்கா


ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தால் நல்லது என்று சொல்கிறார்கள். தூக்கம் வருகிறதா? அங்கே ஏசி குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டேன், காதை மூடிக்கொள்.

சுண்டெலிக்குப் புதுப் பல் முளைத்துவிட்டது. மழை பெய்கிறது. மாடி அறையில் ஒரு மூலை ஒழுகியது, அடைத்துவிட்டோம்.

விசாரணை முடிந்தது. நான்தான் மொழிபெயர்த்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஜூன் 21

அன்புத் தம்பிக்கு,

நலம்தானே? உன் கடிதம் இவ்வளவு சின்னதாக இருந்து நான் பார்த்ததில்லை.

தெரிந்துகொண்டேன். அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம். அத்தான் போன ஞாயிறுதான் சொன்னார். நான் அழுதுவிடுவேன் என்று கடைசி நிமிஷத்தில் சொன்னார், அழக்கூட நேரமில்லை. அப்போதும் என்ன சொன்னார் தெரியுமா? "தம்பி நமக்காக நல்லாத்தான் பேசினான். அவங்க முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க. அவன்கிட்ட ஒண்ணும் கேக்காத, வருத்தப்படுவான்."

நீ வருத்தப்படாதே. அன்னிய மொழியில் ஒரு பெரிய மனிதருக்கு எதிரே உட்கார்ந்து நம் வீட்டு ஆளுக்காகப் பேசியிருக்கிறாய். அது போதும். உனக்கு என் நன்றி.

நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு வருஷம். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

இங்கே வேலை பார்க்கிற பெண் ஒருத்தி விடுமுறைக்கு வருகிறாள். அவளிடம் நல்ல மைக் வைத்த ஹெட்போன் ஒன்று கொடுத்துவிட்டிருக்கிறேன். உனக்குத்தான். மேலே மேலே படி.

அக்கா


ஜூலை 26

தம்பிக்கு,

ஹெட்போன் வந்து சேர்ந்ததா என்றுகூட நீ எழுதவில்லை. நலமா இல்லையா, அதுவும் தெரியவில்லை.

போன ஞாயிறு என் மகளிடம் அப்பா எங்கே என்று கேட்டேன். படுத்திருக்கிறாராம். "அப்பாவுக்கு இடுப்புல பெல்ட்டும்மா. குடோன்ல பெட்டி தூக்குறார்ல, அதான் வலிக்குது" என்றாள். என்னிடம் யாரும் சொல்லாத விஷயம் அவளுக்குச் சாதாரணமாக இருக்கிறது. இருபது வருஷம் ஃபிட்டராக இருந்த ஆள் எதற்காகக் குடோனில் பெட்டி தூக்குகிறார்?

மாமா எங்கே என்று கேட்டேன். "நீ கூப்பிடுற நேரத்துல மாமா வெளிய போயிடுவாரே" என்றாள். "சாப்பிடறதுகூட அப்பா சாப்பிட்டப்புறம்தான்."

அத்தானிடம் கேட்டால் பூசி மெழுகுவார். அதனால் உன்னிடம் கேட்கிறேன். அந்த அறையில் நீ என்ன பேசினாய்?

அக்கா


ஆகஸ்ட் 14

அக்கா,

நலம் விசாரிக்கக் கை வரவில்லை. மன்னித்துக்கொள்.

நீளமான மேசை. ஒரு பக்கம் மேனேஜர், எதிரே அத்தானும் சூப்பர்வைசரும், ஓரத்தில் நான். மேசை மேல் கருகின வளையம் ஒன்று கிடந்தது. கருவி கெட்டிருப்பது இவருக்கு முன்பே தெரியுமா என்று மேனேஜர் கேட்டார். புரிந்தது அக்கா. ஒரு சொல் விடாமல் புரிந்தது. அத்தானிடம் கேட்டேன். அத்தான் சொன்னார், "தெரியும். ரெண்டு தடவை சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். மெஷின நிறுத்தணும்னு சொன்னேன். லாரி நிக்குது, ஓட்டுன்னாரு."

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். சொல்ல வேண்டியதெல்லாம் எனக்குத் தெரியும். படம் படமாகத் தலைக்குள் நிற்கிறது. நாக்கு அசையவில்லை. இத்தனை மாதத்தில் அந்த மொழியில் என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்ததில்லை. அரைகுறையாக உளறினால் மேனேஜர் சிரிப்பார், சூப்பர்வைசர் வெளியே போய் நடித்துக் காட்டுவார், ரேடியோவின் சாயம் வெளுத்துவிடும். என் தலையில் அப்போது ஓடியது அதுதான். அத்தான் நினைப்பு வரவில்லை, உன் நினைப்பும் வரவில்லை.

"நே" என்றேன். ஆமாம் என்று அர்த்தம்.

தெரிந்தும் ஓட்டினாரா என்று கேட்டார். அதற்கும் "நே" என்றேன். அப்படியென்றால் பொறுப்பு இவருடையதா என்று கேட்டார். அந்தக் கேள்வியும் எனக்குப் புரிந்தது. அதற்கும் "நே" என்றேன். அந்த அறையை விட்டு வெளியே போனால் போதும் என்று இருந்தது. மேசை மேல் பேனா இருந்தது, காகிதம் இருந்தது. ஒரு படமாவது வரைந்து காட்டியிருக்கலாம்.

அத்தானுக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் அவர் சொன்னது அவ்வளவு நீளம், நான் சொன்னது ஒரே சொல். அது தெரியாதா அவருக்கு? என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "டீ குடிக்கலாமா?" என்றார். அன்றைக்கும் பைக்கை என்னிடம்தான் கொடுத்தார். மறுநாள் அவரைக் குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். என்னிடம் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டினால்கூடத் தேவலை.

நீ நன்றி என்று எழுதின கடிதத்தை என்னால் இரண்டாம் தடவை படிக்க முடியவில்லை. உன் ஹெட்போன் வந்துவிட்டது. உறையைப் பிரிக்கவில்லை.

தம்பி


செப்டம்பர் 19

அக்கா,

நீ நலமாக இருக்க வேண்டும். நீ பதில் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று கேட்கிற முகம் எனக்கு இல்லை. ஆனாலும் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும்.

ஹெட்போன் உறையைப் பிரித்தேன். சாஃப்ட்வேரை முதல் பாடத்திலிருந்து திரும்ப ஆரம்பித்தேன், மைக் வருகிற இடத்தை மட்டும். நான் சொன்னால், சரியாகக் கேட்கவில்லை, மீண்டும் சொல்லுங்கள் என்று அது எழுதிக் காட்டும். தண்ணீர் குடிக்கிற பெண்ணைச் சொல்லவே ஒரு வாரம் ஆயிற்று. கதவைத் திறந்து வைத்துத்தான் சொன்னேன். சுண்டெலி சிரித்தாள். பிறகு அவளுக்கே அலுத்துப்போய் என் கூடவே சொல்ல ஆரம்பித்தாள், என்னைவிட நன்றாக வருகிறது அவளுக்கு.

அதன் பிறகு, அத்தான் அன்று சொன்னதைக் கொரிய மொழியில் சொல்லிப் பார்க்கத் தொடங்கினேன். ஒரு நாள் அத்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். என்ன சொல்கிறேன் என்று அவருக்குப் புரியாது. 'சூப்பர்வைசர்' என்ற சொல் மட்டும் காதில் விழுந்திருக்கும். "சத்தமா சொல்லு. பிரஸ் ஓடுற எடத்துல கேக்கணும்ல" என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போன திங்கட்கிழமை மேனேஜர் அறைக்குப் போனேன். மொழிபெயர்ப்பாளர் அம்மா விடுப்பு முடிந்து வந்துவிட்டார். "எங்கிட்ட சொல்லுங்க, நான் சொல்லிடறேன்" என்றார். ஒரு நிமிஷம் அதுவே நல்லது என்று தோன்றியது. வேண்டாம் மேடம், நான்தான் சொல்ல வேண்டும் என்று சொன்னேன்.

சொன்னேன் அக்கா. இடையில் இரண்டு முறை நின்றுபோனேன், முதலிலிருந்து ஆரம்பித்தேன். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார், என்னைப் பார்க்க அவருக்கே கூச்சம். மேனேஜர் சிரிக்கவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு, இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று ஒன்றே ஒன்று கேட்டார். அதற்கான சொல் என்னிடம் இருந்தது. வெட்கமாக இருந்தது என்றேன். அந்தப் பாடத்தில் எனக்குத் தங்கக் கோப்பை.

மேனேஜர் பழைய பதிவையெல்லாம் எடுத்துப் பார்த்தார், சூப்பர்வைசரைக் கூப்பிட்டுப் பேசினார். அத்தான் நேற்றிலிருந்து மறுபடி ஃபிட்டர். தலைமை ஃபிட்டராகப் போட்ட ஆளை இனி எடுக்க முடியாதாம். சூப்பர்வைசர் என்னிடம் பேசுவதில்லை. எல்லாரும் என்னை இன்னும் ரேடியோ என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஆனால் இப்போது வேறு மாதிரி கூப்பிடுகிறார்கள்.

உன் இரண்டு வருஷத்தை யார் அறைக்குப் போய் எப்படிச் சொன்னாலும் திருப்பி வாங்க முடியாது. அது எனக்குத் தெரியும். மன்னித்துவிடு அக்கா.

தம்பி


அக்டோபர் 8

தம்பிக்கு,

நலம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

உன் இரண்டு கடிதங்களையும் வைத்துக்கொண்டு இத்தனை நாள் பேசாமல் இருந்தேன். முதல் கடிதத்துக்கு நான் எழுதிக் கிழித்தவை உனக்கு வேண்டாம். நீ படித்தால் தாங்க மாட்டாய். கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இங்கே ஒரு பாட்டியின் தலையை வாரிவிடும்போது, இந்த நேரம் என் மகளுக்குப் பின்னிக்கொண்டிருப்பேனே என்று தோன்றும். அப்போது உன் முகம்தான் வரும்.

மேனேஜரிடம் போனாய். அதில் எனக்கு நிம்மதிதான், அத்தானின் இடுப்புக்கும் நிம்மதி. ஆனால் உன்னை ஒன்று கேட்கிறேன். ஒரே வீட்டில் இருக்கிற அத்தானிடம் இதுவரை என்ன சொன்னாய்? அவருக்குப் புரியாத மொழியில், கதவைத் திறந்து வைத்துச் சொன்னாய். அவருக்குப் புரிகிற மொழியில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாயா? நான் போனில் வருகிற நேரம் பார்த்துத் தெருவுக்குப் போய்விடுகிறாய். எனக்கு மன்னித்துவிடு என்று எழுதுகிறாய், உனக்கு எழுத்து நன்றாக வரும். உன் கடிதமும் அந்தச் சாம்பல் பொத்தான்தானேடா.

சுண்டெலியிடம் பேசிவிட்டேன். பேரம் பேசினாள், கடைசியில் ஒப்புக்கொண்டாள். வருகிற ஞாயிறு அவளுடைய பத்து நிமிஷத்தில் இரண்டு நிமிஷம் உனக்கு. அத்தானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். என்ன சொல்வது என்று எழுதி வைத்துக்கொண்டு படிக்காதே. நின்றுபோனால் நின்றுபோ, மறுபடி ஆரம்பி. நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருப்போம்.

சாப்பாட்டுக்கு அன்று எல்லாரும் ஒன்றாக உட்காருங்கள்.

இதற்குப் பதில் எழுதாதே.

அக்கா